லைலாக் பூத்த அன்று

டீசல் தொட்டிக்குப் பின்னால் ஒரு லைலாக் புதர்.
விலைப்பட்டியலில் அதற்கு எண் கிடையாது.
லாரி திரும்ப இடைஞ்சல், பிடுங்கிவிடு என்று
ஹுடாக் சொல்லி மூன்று வசந்தம் ஆகிறது.

நான்தான் பிடுங்கவில்லை.
இந்த நாற்றுப்பண்ணையில் பூச்சி பார்ப்பது என் வேலை.
கழுத்தில் கைவில்லை, பையில் வெள்ளைத்தாள்.
கிளையைத் தாளின்மேல் தட்டி
விழுந்ததில் எது தூசி, எது நடக்கிறது என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.
தூசிதான் அதிகம்.

வேறு கடிகாரங்களும் உண்டு எனக்கு.
நெடுஞ்சாலையோர லோகஸ்ட் மரம்
வெள்ளைக் கொத்து விடும் வாரத்தில்
துளைப்பான்கள் பட்டையைக் கிழித்து வெளியே வரும்.
ஆஷ் மரம் வளர்ப்பதையே நாங்கள் விட்டாயிற்று.
லோகஸ்ட் இன்னும் அறிவித்துக்கொண்டிருக்கிறது.

பதினோராம் வயலில் நாலாயிரம் தொட்டி, முகோ பைன்.
மார்ச்சிலேயே பார்த்துவிட்டேன்:
ஊசிதோறும் வெள்ளைப் பொட்டு,
யாரோ சுவருக்கு அடித்த சுண்ணாம்பு
தெறித்துவிட்ட மாதிரி.
ஒவ்வொரு பொட்டும் ஒரு தாயின் ஓடு.
தாய் போன அக்டோபரிலேயே செத்துவிட்டாள்;
ஓட்டுக்கடியில் முட்டைகள்
ஓஹாயோவின் பனியைத் தூங்கிக் கழிக்கின்றன.

அப்போது அடித்தால் மருந்து ஓட்டில் வழுக்கும்.
தாமதித்தால் குஞ்சும் ஓடு கட்டிவிடும்.
இடையில் சில நாள்.
பெண் செதில்பூச்சி தன் ஆயுளில் நடப்பதே
அந்தச் சில நாள்தான்:
நடந்து, ஓர் ஊசியைத் தேர்ந்து, வாயை ஊன்றி,
கால் என்று ஒன்று இருந்ததையே மறந்துவிடும்.

அலுவலகச் சுவரில் மே இருபதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
போன வருடத்து வட்டத்தைப் பார்த்துப் போட்டது,
அதுவும் அதற்கு முந்தையதைப் பார்த்து.
லைலாக் ஆறாம் தேதியே பூத்துவிட்டது.

மரிசெலாவிடம் சொன்னேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
இருபுறமும் ஒட்டும் டேப்பைக் கிளைகளில் சுற்றிக்கொண்டே போனாள்,
காயத்துக்குக் கட்டுப் போடுகிறவள் போல.
இரண்டாம் நாள் டேப்பின் ஓரத்தில்
மிளகாய்த்தூள்.
வில்லைக்கடியில் மிளகாய்த்தூளுக்கு ஆறு கால்.

ஹுடாக் டொலீடோவில், ஏலத்தில்.
தொலைபேசியில் ஒரே சொல்: “இருபது.”
மதியத்துக்கு மேல் ஈரி ஏரியிலிருந்து மழை,
மூன்று நாளுக்கு என்றது வானொலி.
மழை வந்தால் எண்ணெய் நிற்காது.
மழை விட்டால் கால்கள் நின்றுவிடும்.

எலெயூத்தெரியோ என் கையில் டிராக்டர் சாவியைப் பார்த்தான்,
என் முகத்தைப் பார்த்தான்.
“ஏழு மணிவரை காற்று எழுந்திருக்காது” என்றான்.

நாலரைக்குத் தொடங்கினோம்.
விளக்கொளியில் எண்ணெய்ப் புகை,
ஊசிகளெல்லாம் தலை குளித்தாற்போல் மின்னின.
கடைசி வரிசையில் நிறுத்தச் சொன்னேன்.
கறுப்பு முதுகில் இரண்டு சிவப்புப் புள்ளி வைத்த
பொறிவண்டுகள் அங்கே ஓடுகளைத் துளைத்தபடி
பந்தியில் உட்கார்ந்திருந்தன.
சாப்பிடுகிறவரை எழுப்பக் கூடாது.
எண்பத்திரண்டு தொட்டிகளை
அவற்றிடமே விட்டுத் திரும்பினோம்.

ஹுடாக் வந்தார்.
காலி எண்ணெய்ப் பீப்பாயைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார்.
சம்பளத்தில் பிடிக்கவில்லை.
நல்லது என்றும் சொல்லவில்லை.
மறுநாள் சிவப்பு வட்டத்தை யாரோ அழித்திருந்தார்கள்;
அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை.

ஜூன் கடைசியில் எண்ணினேன்.
அடித்த வரிசைகளில் நூறு ஊசிக்கு மூன்று பொட்டு.
வண்டுகளின் வரிசையில் ஐந்தா ஒன்பதா,
எண்ணும்போதெல்லாம் வேறாக வந்தது.
குறிப்பேட்டில் இரண்டையும் எழுதினேன்.

ஆகஸ்டில் லைலாக் இலையெல்லாம் சாம்பல் நோய்.
இத்தனை மருந்து இருக்கும் பண்ணையில்
அதற்கு மட்டும் ஒருவரும் அடிப்பதில்லை.
லாரி
அதைச் சுற்றித் திரும்பப் பழகிவிட்டது.