திங்கட்கிழமை வந்த அட்டை

நேர்காணல் புதன்கிழமை.
அடையாள அட்டை திங்களே வந்துவிட்டது.
பெயர் நிதின் பிரணவ், ரத்த வகை பி பாசிட்டிவ்.
என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில்
ஸ்டேப்ளர் பின்களுக்கு அடியில் கிடக்கிறது,
லேமினேஷன் சூடு இன்னும் ஆறாதது போல.

மேலாளரின் சகலை மகன்.
"ஒரு பத்தொன்பது பேருக்காவது லெட்டர் போடும்மா,
ஃபைல்னா ஃபைல் மாதிரி இருக்கணும்."
போட்டேன்.
'தவறாமல் வரவும்' என்பதற்குக் கீழே
கையெழுத்து என்னுடையது.

மணலி சாலையில் கண்டெய்னர் லாரிகள்
வாலும் தலையுமாய் நின்றுவிட்டதில்
முக்கால்வாசிப் பேர் நடந்தே வந்தார்கள்.
கைக்குட்டையால் முதலில் சான்றிதழ் உறையைத் துடைத்தார்கள்,
அப்புறம்தான் முகத்தை.

பதினொன்றாவது ஆள் மகிமைதாஸ்.
சரக்கு முனையத்தில் நாலு வருஷ இரவு வேலை.
பெட்டியின் முதல் நாலு எழுத்தைச் சொன்னால்
எந்தக் கம்பெனிப் பெட்டி என்று சொல்லிவிடுவான்.
அதை யாரும் கேட்கவில்லை.

"எர்ணாவூர்ல எந்தப் பக்கம்?"
"கேட்டைத் தாண்டி சார்."
"தாண்டின்னா?"
தெருப்பெயரைச் சொன்னான்.
கொஞ்ச நேரம் ஏசியின் சத்தம்.
ஒரு பேனா மூடிக்கொண்டது.

வெளியே வந்து என்னிடம்தான் கேட்டான்:
"அக்கா, எதுனா தப்பா சொல்லிட்டனா?
சொன்னீங்கன்னா அடுத்த வாட்டி சரி பண்ணிக்குவேன்."

இழுப்பறை முழங்காலில் இடித்தது.
"இல்லப்பா, நல்லாத்தான் சொன்ன."
பஸ் காசு அறுபது ரூபாய் கொடுத்து
ரசீதில் கையெழுத்து வாங்கினேன்.
அழகான எழுத்து.
கட்டத்தைத் தாண்டவே இல்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
வந்தது ஒரு பழைய ஞாயிறு.
தண்டையார்பேட்டையில் வட்டச் செயலாளர் வீட்டு மாடிப்படியில்
ஆப்பிள் பையோடு அப்பா.
கீழே செருப்புகளுக்குக் காவல் நான்.
மறுவாரம் இதே அறைக்கு வெளியே
என்னோடு காத்திருந்தவர்கள் எட்டுப் பேர்.
அதில் பச்சைப் புடவைக்காரி ஒருத்தி
தண்ணீர் பாட்டிலை நீட்டி
"பயப்படாதீங்க, கேள்வி ஈஸியாம்" என்றாள்.

என் அட்டை எந்தக் கிழமை அச்சானது?
நான் விசாரித்ததில்லை.

ஐந்தரைக்கு நிதின் பிரணவ் வந்தான்.
கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது.
"மேடம், கண்டெய்னர்ல சீல் எங்க இருக்கும்?"
கூச்சத்தோடுதான் கேட்டான்.
அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ரத்த வகை தப்பாம். அவன் ஓ பாசிட்டிவ்.

மாற்றி வர நாலு நாள் ஆகும் என்றேன்.
வேறு எதுவும் தப்பில்லையே என்றும் கேட்டேன்.
இன்னொரு தடவை பார்த்துவிட்டு
இல்லை என்றான்.