இரண்டு விரல் இடைவெளி

கோட்டை வாசலில் புள்ளிமான்கள் படுத்தெழும்பிய புல்லை
முகர்ந்து முகர்ந்து திரிவான் நோக்கியா.
விழுந்தாலும் உடையாது என்று வைத்த பெயர்.
பதினாலு வயது. பின்னங்கால் ஒன்று
இரண்டு தரம் கேட்டால்தான் வரும்.

மான் விட்டுப்போன உண்ணிகள்
அவன் காதுக்குள் குடியேறும்.
காலையில் எள்ளு, இரவில் ஊறின பயறு.

மத்திய வீதிக் கடையில்
தகரப்பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது அந்தப் பட்டி.
"எட்டு மாதத்துக்குக் கவலை இல்லை அண்ணை" என்றான் பொடியன்.
எட்டு மாதம்.
அவனுக்கு அவ்வளவு இருக்குமோ என்று
விளக்கணைத்த பிறகு நாங்கள் கதைக்கிற காலம்.
விலையைச் சொன்னால் சுகிர்தா பேசுவாள்,
பாதியைச் சொன்னேன்.
பாதிக்கும் பேசினாள்.

கழுத்துக்கும் பட்டிக்கும் நடுவே
இரண்டு விரல் நுழைய வேண்டுமாம்.
நுழைந்தது.
மிச்ச வாலை வெட்டி எறிந்தேன்.
சரியாகச் செய்தேன் என்ற பெருமையும்
அன்றிரவு என்னோடு குந்தியிருந்து சோறு தின்றது.

முதல்நாள் தூங்கினான்.
உண்ணி உதிர்ந்தது, அதை மறைக்கக்கூடாது.
சுகிர்தா கூட்டி எண்ணினாள்: பதினேழு.
இரண்டாம் நாளும் தூங்கினான்.
மூன்றாம் நாள் தண்ணீர்ச் சட்டியைத் தாண்டிப்போய்
சுவரைப் பார்த்தபடி நின்றான்,
வாயிலிருந்து நூலாய் எச்சில்.
மயிரை விலக்கினால்
பட்டியின் கீழே சிவப்பாய் இன்னொரு பட்டி.

நான் போன் திருத்துகிறவன்.
ஒரு கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு
குறுநொய் அளவு சில்லுகளில் நோய் தேடுகிறவன்.
அந்தக் கண்ணால் அந்தப் பெட்டியை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
அடிப்பக்கம், விலைக்கோடுகளுக்குக் கீழே
எறும்பு வரிசையாய் ஆங்கிலம்:
வயதான, மெலிந்த, வருத்தத்தில் இருக்கிற நாய் என்றால்
முதலில் வைத்தியரைக் கேள்.

மீன் செட்டை வெட்டும் கத்தரிக்கோலால் அறுத்தேன்.
பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் போட்டு
மூன்று தரம் கழுவினோம்.
ஓட்டோக்காரன் "நாய்க்கோ?" என்றான்.
"நோக்கியாவுக்கு" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன், தெரியாது.
உப்புவெளி போகும்வரைக்கும்
அவன் கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்தான்.

டொக்டர் ருஷ்தா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
"பட்டி கூடாது என்று சொல்லமாட்டன்.
எத்தினையோ நாய் இதோட சுகமா ஓடித் திரியுது.
இவருக்குக் கிட்னி களைச்சுப் போச்சு.
பட்டியாலயோ, வயசாலயோ, ரெண்டாலயுமோ,
இரத்தம் பார்த்தாலும் பிரிச்சுச் சொல்லேலாது."
கையுறையைக் கழற்றிக்கொண்டே:
"அதுக்காக உண்ணியைச் சும்மா விட்டிராதேங்கோ.
அந்தக் காய்ச்சலும் இவரைக் கொண்டுபோயிடும்."

வீட்டுக்கு வந்தோம்.
மஞ்சள் அரைக்கச் சொன்னார் பக்கத்துவீட்டுப் பத்திநாதர்,
மண்ணெண்ணெய் பூசச் சொன்னார் முன்வீட்டார்.
அவர்களுக்கும் அடிப்பக்கத்தில்
சின்ன எழுத்து இருக்குமோ என்று பார்த்தேன்.

சுகிர்தா லென்சைக் கொண்டுவந்து
என் பிறஷர் குளிசைப் பெட்டியோடு வைத்தாள்.
உள்ளே எட்டாய் மடித்த தாள்,
நாலு வருடமாகப் பிரிக்காதது.
"இதையும் வாசி."

இப்போது கடை பூட்டிய பிறகு
சில்லு கிள்ளும் சாமணத்தோடு இருக்கிறேன்.
தோலோடு ஒட்டிப் பிடிக்கவேண்டும்,
முறுக்கக்கூடாது, நேரே இழுக்கவேண்டும்,
தலை உள்ளே தங்கக்கூடாது.
சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலுக்குள்
ஒவ்வொன்றாய்க் கால் உதறி இறங்குகின்றன.
என் தொடையில் தாடையை வைத்திருக்கிறான்.
தெருவிளக்கின் கீழ் மான் ஒன்று
யாரோ எறிந்த பேப்பரைத் தின்றுகொண்டு நிற்கிறது.
அதைக் கண்டு மூக்கு மட்டும் எழும்புகிறது.
"போகலாம், நாளைக்குப் போகலாம்" என்கிறேன்,
போகக்கூடாது என்று சொன்ன நானே.

நேற்று ஒன்பது. இன்றைக்கு ஆறு.
இடது காதின் ஆழத்தில் இன்னும் ஒன்று.
அசையாமல் இருந்தால் எடுத்துவிடலாம்.
அசைகிறான்.