நின்ற இடத்தில், நாலாம் கியரில்

வத்தளையில் வாங்கினேன்.
விற்றவர் எஞ்சினைச் சூடாக்கியே வைத்திருந்தார்.
ஏன் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.
பழைய டீசல், விடியற்காலைக் குளிரில்தான் உண்மை பேசும்.
நான் போனது பகல் பன்னிரண்டு மணிக்கு.

இப்போது புதுக்கடை ஏற்றத்தில்
முதல் கியரில் எடுத்தால் உடம்பெல்லாம் உதறுகிறது.
கண்ணாடியில், பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரிகிறது.
டேஷ்போர்டுக்குள் எப்போதோ விழுந்த
ஐந்து ரூபாய்க் குற்றி கிடுகிடுக்கிறது.
இரண்டாம் கியருக்கு வந்ததும் அடங்கிவிடும்,
ஒன்றுமே நடக்காதது போல.
நான் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்.
சாட்சிகள் இப்படி அடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கொம்பனித் தெரு.
புதுக் கோபுரங்களின் நிழல்
மூன்று மணிக்கே விழுந்துவிடும் சந்தில்
துவான் ஜல்டினின் கராஜ்.
அவர் சாவியை வாங்கவில்லை. "சொல்லுங்க" என்றார்.
நடுக்கம் நிக்கக்குள்ளயா, ஓடக்குள்ளயா?
கிளச்சை மிதிச்சா கூடுதா, குறையுதா?
ஏசி போட்டா?
ஸ்டியரிங் நடுங்குதா, சீட் நடுங்குதா?

குறுக்கு விசாரணை எனக்குப் பழக்கம்தான்,
கூண்டுக்குள் நின்று அல்ல.
"எல்லாம் நடுங்குது" என்றேன்.
"எல்லாம் எண்டு ஒரு பார்ட்ஸ் பஞ்சிகாவத்தையில இல்ல, மிஸ்."

பொனட்டைத் தூக்கினார்.
எஞ்சின் ஓட ஓட
இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி
மறுபடி முறுக்கினார்.
முதலாவது: எஞ்சின் தடுமாறியது. நல்லது.
இரண்டாவதும்.
தளர்த்தியும் சத்தம் மாறாவிட்டால்
அந்த சிலிண்டர் சும்மா சம்பளம் வாங்குது என்று அர்த்தமாம்.
இங்கே நாலும் வேலை செய்தன.
எங்கள் பதிவறையில்
யாரும் நட்டைத் தளர்த்திப் பார்த்ததில்லை.

பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுத்து
நாலாம் கியரில் போட்டு
கிளச்சை மெல்ல விடச் சொன்னார்.
எஞ்சின் மூச்சடைத்து அணைய வேண்டும்,
அதுதான் சுகம்.
அணையவில்லை.
கார் நின்ற இடத்தில் நின்றது,
எஞ்சின் மட்டும் எங்கோ போய்க்கொண்டிருந்தது.
கருகிய வாசனை வந்தது.
"போதும், போதும்."

அடியில் படுத்தவர் சிரிக்கும் சத்தம்.
எஞ்சின் மவுண்ட் இருக்க வேண்டிய இடத்தில்
நீல றப்பர் செருப்பின் குதிகால்,
இரண்டாய் மடித்து, கம்பியால் கட்டி.
எட்டு என்ற அளவு இன்னும் அழியவில்லை.
யாரோ அன்றைக்கு
ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

வியாழக்கிழமை கியர்பொக்ஸ் இறங்கியது.
கிளச் தட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.
ரிவெட் தலைகள் வெளியே வந்து மினுங்கின.
ஃபிளைவீலில் நீலத் திட்டுகள், சூடு வைத்த தழும்பு மாதிரி.
ஒயில் கசிவா? இல்லை, சீல் காய்ந்தே இருந்தது.
"இது வயசுக்குத் தேஞ்சது இல்ல.
மிதிச்சுத் தேஞ்சது."

வத்தளைக்காரரைத் திட்டத் தொடங்கினேன்,
தமிழிலும் சிங்களத்திலும்,
ஒன்றுக்கொன்று பிழையில்லாமல்.
ஜல்டின் கை துடைத்து முடியும்வரை பொறுத்தார்.
"வாங்கி எவ்வளவு காலம்?"
பதினொரு மாதம்.
"அண்டைக்கி நீங்க உள்ள வரக்குள்ள பாத்தன்.
வண்டிய நிப்பாட்டின பிறகும்
ஒங்கட இடது கால் பெடலுக்கு மேலதான் இருந்திச்சு."

பில்லில்: தட்டு, பிரஷர் பிளேட், பெயரிங், மவுண்ட் இரண்டு.
கூலி வேறாக.
கடைசி வரியில்: செருப்பு ஒன்று, திருப்பிக் கொடுத்தது.

பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு.
நியூட்ரல்.
இடது காலை எடுத்துக் கீழே வைத்தேன்.
அந்தப் பக்க மிதியடியில்
கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு
ஒரு மூலைகூடக் கிளம்பாமல் இருந்தது.
பச்சை விழ இன்னும் நாற்பத்தாறு வினாடி.
கால் அங்கே கிடந்தது,
முன்பின் தெரியாத வீட்டில்
உட்காரச் சொல்லப்பட்ட ஆள் போல.