துண்டு போட்ட இடம்

கட்டபெட்டு வளைவில் காட்டுமாடு நின்றது.
பெள்ளி பிரேக்கை மிதித்தான்.
மீதிச் சில்லறை தேடிக்கொண்டிருந்த நான்
கம்பியில் வாயைக் கொடுத்தேன்.
மாடு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்
தேயிலைக்குள் இறங்கிப்போனது,
அவசரமே இல்லாமல்.
என் முன்பல் ஒன்று தோல்பைக்குள்
இரண்டு ரூபாய்களோடு கிடந்தது.

எட்டு மாதம் அப்படியே விட்டேன்.
விசிலில் பாதிக் காற்று
ஓட்டை வழியே இறங்கிக்கொண்டது.

குன்னூர் பெட்ஃபோர்டில், மருந்துக்கடை மாடியில்
டாக்டர் மெஹர்நிஷா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"பல் போன இடத்தில் எலும்பும் கரைஞ்சிருக்கு.
திருகு நிற்க ஒண்ணுமில்லை.
தூள் வைத்து வளர்க்கலாம். ஆனா
ஈறு ஓடி வரும், எலும்பு நடந்துதான் வரும்.
விட்டால் ஈறு முதலில் உட்கார்ந்துக்கும்."
அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு சவ்வு.
நகத்தளவு. நனைந்த அப்பளம் மாதிரி.

டாக்டர், இது
ஜன்னல் வழியா துண்டு போடுறதுதானே?

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
இருபத்திரண்டு வருஷமாக நான்
துண்டுகளுக்கு எதிரி.
கைக்குட்டை, மஞ்சள் பை, மடித்த குடை,
ஒருமுறை குழந்தையின் ஒற்றைச் செருப்பு,
எல்லாவற்றையும் தூக்கி ஓரமாய்ப் போட்டு
"துணிக்கு டிக்கெட் வாங்கினியா?" என்றிருக்கிறேன்.
கேரட் மூட்டையை மேலே ஏற்றிவிட்டு
மூச்சிரைக்க உள்ளே வந்தவர்கள்
தங்கள் இடத்தில் இருந்தவரைப் பார்ப்பார்கள்.
நான் அப்போது
அடுத்த ஸ்டேஜுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன்.

தாளை நீட்டினார்கள். தூள் மாட்டெலும்பிலிருந்து.
சவ்வு பன்றித் தோலிலிருந்து.
"ஆட்சேபம் இருந்தால் வேறு இருக்கு."
ஏறிவிட்டால் எல்லாருக்கும் ஒரே டிக்கெட்தான் என்று
கையெழுத்துப் போட்டேன்.
முட்டவந்த சாதியே
முட்டுக்கொடுக்கவும் வருகிறது.

தையல் ஏழு.
மரத்த உதட்டில் நூல் இழுபடுவது
வேறு யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைப்பதுபோல் கேட்டது.
ஒரு மாதம் விசில் கூடாது.
பஸ்ஸின் விலாவில் தட்டினேன்:
ஒன்று, நிறுத்து. இரண்டு, போகலாம்.
பெள்ளி கண்ணாடியில் என்னைப் பார்க்கப் பழகினான்.
அதுவரை நாங்கள் முகம் பார்த்து வேலை செய்ததில்லை.

பன்னிரண்டாம் நாள், வண்டிச்சோலை.
படியில் தொங்கிய பையனின் கால் நழுவியது.
கை விலாவுக்குப் போகவில்லை,
விசிலுக்குப் போனது.
பஸ் நின்றது. பையன் உள்ளே வந்தான்.
வாயில் உப்புக் கரித்தது.

"துண்டின் ஓரம் வெளியே தெரியுது" என்றார் டாக்டர்,
என் வார்த்தையிலேயே.
"தொடாதீங்க. மூடிக்கும்.
கொஞ்சம் எலும்பு குறையும்."
எப்போது எடுப்பீர்கள் என்றேன்.
எடுக்க வேண்டாமாம்.
வரவேண்டியது வந்து சேர்வதற்குள்
அதுவே கரைந்துவிடுமாம்.

ஆறு மாதம் கழித்து
கறுப்பாய் இருந்த இடத்தில் சாம்பல் நிறம்,
காலை ஆறு மணி மூடுபனிபோல.
"முழுசா இல்லை. போதும்."
இதில் என்னுது எது, மாட்டுது எது?
"அதுக்கே தெரியாது" என்று
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நேற்று கோத்தகிரி ஸ்டாண்டில் கடைசி வண்டி.
மூன்றாவது சீட்டில் நீலத் துண்டு ஒன்று.
"யாருமில்லை கண்டக்டர், எடுங்க" என்றார் நின்றவர்.
வாசலைப் பார்த்தேன். பனி. டீக்கடை விளக்கு.
இருக்கட்டும், வருவாங்க.
பெள்ளி இஞ்சினை இரண்டுமுறை உறுமவிட்டான்.
விசிலை வாயில் வைத்தேன், ஊதவில்லை.
நின்றவர் என் வம்சத்தையே
மெதுவான குரலில் விசாரித்தார்.

யாரும் வரவில்லை.
துண்டு குன்னூர் வரை
ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது.
டிக்கெட் கேட்கவில்லை நான்.