பதினேழு ஹேர்ட்ஸ்

பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்கு அப்பால்
வரம்போரம் மூன்று பெட்டிகள்.
உள்ளே லேசர், மயிரளவு கண்ணாடி நார்,
மூச்சுக்கும் நடுங்கும் ஒரு சவ்வு.

முதல் கிழமை முழுக்க
அரிசி ஆலையைத்தான் பிடித்தோம்.
பிறகு கடல்காற்றை.
பிறகு ஹஸ்மீரின் லாண்ட்மாஸ்டரை;
அவன் சிரித்துக்கொண்டே போனான்.

இன்றிரவு இரண்டு பத்து.
காதில் தவளை மட்டும்.
திரையில் ஒளி வளைகிறது:
பதினேழு.
மறுபடி பதினேழு.
நீளமாய், யாரையோ தேடுகிற மாதிரி.
வடக்குப் பெட்டியில் பதில் இல்லை.

ஒரு விசை தட்டினால்
நாற்பது போனில் செய்தி விழும்.
யானைவெடி கொளுத்துவார்கள்.
கதிர் முற்றிவிட்டது,
ஹஸ்மீரின் கடனும்.

தட்டத்தான் வேண்டும்.
தட்டுவேன்.

அது இன்னும்
கூப்பிட்டு முடிக்கவில்லை.