ஃபிளாட்

செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை.
வேனின் பேட்டரி ஃபிளாட்.
சாவியைத் திருகினால் ஒரு செருமல், அவ்வளவுதான்.
எனிட் செட்செல் பல்லிடுக்கில் ஏதோ சொன்னாள்,
அது அகராதியில் வேறொரு பக்கம்.

பக்கத்துப் பண்ணை லென்
டிராக்டரிலிருந்து கம்பி இழுத்து உயிர் கொடுத்தான்.
"பின்பக்க இடது டயரையும் பாரு."
அதுவும் ஃபிளாட்.
நாமென்றால் ஒன்று தீர்ந்துபோச்சு,
மற்றதில் காற்று இறங்கிப்போச்சு என்று
இரண்டு துக்கமாகச் சொல்லியிருப்போம்.
லென்னுக்கு ஒரே சொல்,
ஒரே தோள்குலுக்கல்.

சாட்டரிஸ் தாண்டினால் மேடென்று ஒன்றில்லை.
சர்க்கரை பீட் வயல், கறுப்பு மண், வாய்க்கால்,
மறுபடி வயல்.
என்றோ சதுப்பிலிருந்து நீரை இறைத்தார்கள்;
உலர உலர மண் உள்வாங்கியது,
வீடும் வேலியும் கல்லறையும் சேர்ந்தே அமிழ்ந்தன.
இப்போது ஆறு மேலே போகிறது, சாலை கீழே.
சமையலறைச் சன்னலுக்கு மேல் படகு நகர்ந்தால்
இங்கே யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மதியம், மூன்று விலாங்கு மதுக்கடை.
"நேத்துத் திறந்த பீப்பா, ஃபிளாட்டா இருக்கும், பரவாயில்லையா?"
நுரை செத்த அரைக் குவளையை
எனிட் மருந்துபோல் குடித்தாள்.
சுவரில் ஒரு பழைய படம்:
முதல் போருக்குப் புறப்பட்ட பன்னிரண்டு பையன்கள்.
பதின்மூன்றாமவனுக்குத் தட்டைப் பாதம்.
ஃபிளாட் என்று எழுதி ராணுவ வைத்தியர் திருப்பி அனுப்பிவிட்டார்.
ஊர் அவனைப் பார்த்துச் சிரித்ததாம்.
அவன் பேரன்தான்
இப்போது குவளைக்குக் காசு வாங்குகிறான்.

கடைசி வீடு அம்புரோஸ் லீஃபர்டுடையது.
பத்தொன்பது வருடம் சாவி படாத பியானோ.
லீட்ஸிலிருந்து மகள்தான் தொலைபேசியில் சொன்னாள்:
"சனிக்கிழமை அம்மாவின் நினைவு நாள்,
என் மச்சினன் ஓபோ வாசிக்கிறான்,
பியானோ ரொம்ப ஃபிளாட்."

எனிட் மூடியைத் திறந்து
கீழிருந்து மேலாக விரல்களை ஓட்டினாள்.
முக்கால் சுரம் இறங்கியிருந்தது.
ஆனால் எண்பத்தெட்டும்
கைகோத்துக்கொண்டு இறங்கியிருந்தன.
ஒன்று மற்றொன்றைக் காட்டிக்கொடுக்கவில்லை.
முப்பது வருடத் தொழிலில்
இப்படி ஒன்றை அவள் கண்டதில்லை.

"வினிஃப்ரெட் பாடுவாள்," என்றார் அம்புரோஸ்.
"வயசாக ஆக அவள் குரல் இறங்கியது.
இதுவும் கூடவே வந்தது."
ஏற்றமில்லை இறக்கமில்லை,
உருளைக்கிழங்கு விலை சொல்வது போன்ற குரல்.
அதற்கும் அந்த மொழியில் அதே சொல்தான்.

எனிட் இசைக்கவையை முழங்காலில் தட்டி
மரத்தில் ஊன்றினாள்.
கூடவே ஒரு கட்டையை அழுத்தினாள்.
இரண்டு ஒலிகளும் உரசி
அறை முழுக்க நடுங்கியது.
அவர் காதைப் பொத்தவில்லை.
"இதில் எது தப்பு?"
"தப்பில்லை. ஓபோ கீழே இறங்காது."

அவர் யோசித்தார். பிறகு மறுத்தார்.
ஃபிளாட்டாக மறுத்தார் என்பார்கள் அங்கே;
நம்முடைய முகத்திலடித்தாற்போல் அல்ல,
மேசைவிரிப்பின் சுருக்கத்தை
உள்ளங்கையால் நீவிவிடுவதுபோல.
"அந்தப் பையன் வேற ஏதாவது வாசிக்கட்டும்.
வயலின்னா திருகிக்கலாம் இல்லையா?"

அவள் சாவியைப் பையில் போட்டாள்.
பில் புத்தகத்தை முழங்காலில் வைத்து எழுதினாள்:
வந்து பார்த்த கூலி, ஃபிளாட் ரேட், நாற்பது பவுண்ட்.
பியானோவின் நிலை என்ற கட்டத்தில்
அந்தச் சொல்லை எழுதப் போனவள்
பேனாவைத் தூக்கினாள்,
காலியாகவே விட்டாள்.

வெளியே வேன் மறுபடி செருமியது.
அம்புரோஸ் செருப்போடு வந்து பின்னாலிருந்து தள்ளினார்,
எழுபத்தெட்டு வயசு, இருமிக்கொண்டே.
தள்ளுவது சுலபம்தான்.
சறுக்கி உருள ஒரு சரிவு கிடைக்காது,
அவ்வளவே.