கலங்கல்

ஆயர் ஈத்தாம் சந்தையின் லக்சா வாடை
மூன்றாவது வளைவோடு நின்றுவிடும்.
அதற்கு மேல் மலை, ஈரம், குரங்கு.
அதற்கும் மேல் அணை.
மண்ணைக் கொட்டி இறுக்கிப் போட்டது, நான் பிறப்பதற்கு முன்.
காலையில் நடக்க வருகிறவர்களுக்கு
அது புல் வளர்ந்த ஒரு மேடு.

வியாழன்தோறும் முதலில் பதினாறு குழாய் மூடிகள்.
கயிற்றை இறக்கி, உள்ளே தண்ணீர் எங்கே நிற்கிறது
என்று கேட்க வேண்டும்.
ஒன்பதாவது எப்போதும் பொய் சொல்லும்.
பிறகு அணையின் காலடிக்கு இறங்குவேன்.
எஃகுத் தகட்டில் வெட்டிய முக்கோண வாய்,
அதன் வழியே விரல் தடிப்பில் தண்ணீர்.
கசியாத மண் அணை உலகத்தில் கிடையாது.
அளவைப் படிவத்தில் எழுதிவிட்டு
ஒரு காயா போத்தலில் பிடித்து
வெயிலுக்கு நேரே தூக்குவேன்.
ஆபீஸ் கொடுத்த குப்பி உடைந்து இரண்டு வருடம்.
தெளிவாக இருந்தால் அணைக்கு வியர்க்கிறது, அவ்வளவுதான்.
கலங்கி இருந்தால்
அது தன் வயிற்று மண்ணையே
கரைத்துக் கரைத்து வெளியே அனுப்புகிறது.

சரிவின் பாதியில் ஒரு ஜம்பு மரம்.
யாரோ தின்று துப்பிய கொட்டை.
முழங்கால் உயரத்தில் அதை முதலில் பார்த்தேன்.
ஒரு கையால் பிடுங்கியிருக்கலாம்.
புல் வெட்டும் குத்தகை அந்த வருடம் கைமாறியது.
சரிவில் செடி என்று எழுதினேன்.
மூன்று வருடம் கழித்து, சரிவில் மரம்.
எழுதியதே செய்ததுபோல் இருந்தது.
பழுத்தபோது உப்புத் தொட்டு நானும் தின்றேன்.

வெட்ட உத்தரவு வந்ததும்
மிசஸ் கூய் முப்பத்தொரு கையெழுத்தோடு வந்தார்.
நிழலில் ஒரு சிவப்பு நாற்காலி போட்டிருந்தார்கள்,
முட்டி வலிக்காரர்களுக்கு.
வேர் என்றேன்.
வேர் மண்ணைப் பிடிக்கும்தானே என்றார்.
உயிரோடு இருக்கும்வரை பிடிக்கும் என்றேன்.
அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.
கடிதத்தை வாங்கி முத்திரை குத்தினேன்.

பிறகு அந்த வியாழன்.
பத்து நாளாக மழையில்லை.
போத்தலில் ஒரு மங்கல்,
அரிசி கழுவிய மூன்றாம் தண்ணீர்போல.
ஜீப்பின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
ஒரு மணி நேரத்தில் அடியில் படிந்தது
நகத் தடிப்பு மண்.
ஷுக்ரிக்குப் போன் செய்து
கெரோ என்ற ஒரு சொல்தான் சொன்னேன்.
சாப்பிட்ட கையைக் கழுவாமல் வந்து நின்றான்.

அடிமதகைத் திறந்தோம்.
மட்டம் சாண் சாணாக இறங்கும் இரவில்
செய்வதற்கு ஒன்றுமில்லை.
எம்பாங்கானுக்கு உங்கள் மொழியில் என்ன என்றான்.
அணை.
வேறு அர்த்தம் உண்டா?
கட்டிப்பிடி. விளக்கை நிறுத்து.
இருட்டில் சிரித்தான்.
இதில் நாம் எதைச் செய்கிறோம் என்றான்.
டார்ச் வெளிச்சத்தை
முக்கோண வாயைவிட்டு நான் எடுக்கவில்லை.

பாயா தெருபோங் அடுக்குமாடிகளில்
பதினேழாம் மாடிக் குழாய்கள் இருமின.
என் வீடும் அங்கேதான்.
தலையில் நுரையோடு மகன் கத்தினான்,
யாரும்மா தண்ணிய மூடுனது.
வாளியை நீட்டினேன்.

ஜம்புவை வெட்டி வேரோடு தோண்டினார்கள்.
நல்ல வேர். வெள்ளையாக, இறுக்கமாக.
அதற்கும் கீழே, மண் மூடி,
வேறொரு மரத்தின் அடிக்கட்டை.
எப்போதோ எங்கள் ஆட்களே தரையோடு வெட்டி
அப்படியே விட்டுப்போனது.
வேர் மக்கி, பட்டை மட்டும் உறைபோல் நின்றது.
என் கை முழங்கைவரை உள்ளே போனது.
விரல் நுனியில், சில்லென்று,
தண்ணீர் நடமாடியது.

மணலும் சரளையும் அடுக்கடுக்காய்ப் போட்டு இறுக்கினோம்.
மிசஸ் கூய் வந்து குழியைப் பார்த்தார்.
அப்போ அந்த மரம் இல்லையா?
இல்லை.
நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அலமாரியில் ஐந்து காயா போத்தல்கள், தேதி ஒட்டி.
கடைசி மூன்றும் தெளிவு.
ஆனாலும் எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறேன்,
வைக்கிறேன்,
படிவத்தில் நிறம் என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதுகிறேன்.